கவராயம் வைத்திருந்த பாய்

மாரடைப்பில் பிழைத்த மூன்றாவது வாரம். இதயம் திடீரென்று நின்றுபோகும் ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் முழுவதற்கும் துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டியை என் இடுப்பில் கட்டினார் பாய். திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவர், எல்லோருக்குமே அவர் பாய்தான். நரைத்த தாடி. துடிப்புகளின் இடைவெளியைத் தாளில் அளக்கும் கவராயத்தைச் சட்டைப் பையில் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இதிலாவது வாங்கிவிடலாம் என்று நாள் முழுக்க மரக்கட்டையாகப் படுத்துக் கிடந்தேன். மறுநாள் தாளை அளந்தவர் நிமிர்ந்தார்.

“நேத்து என்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல பாய். ரிசல்ட் நல்லா வரணும்னு அசையாம கெடந்தேன்.”

“அட போங்க. துடிப்பு ஜாஸ்தி ஆவணும், கம்மி ஆவணும். கடிகாரம் மாதிரி ஒரே சீரா ஓடுனாதான் டாக்டருக்குக் கவலை. மெதுவா நடங்க, சிரிங்க, வீட்ல சண்ட போடுங்க.”

“நான் எங்க பாய் போடுறது, வாங்கிக்கிறதோட சரி.”

“அதுவும் ஆவும்,” என்று சிரிக்காமல் பெட்டியை மறுபடி கட்டினார்.

இரண்டாவது தாளை அவர் அளந்தபோது கவராயத்தின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்லா ஏறி எறங்குது,” என்றார். பயப்பட வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார்.

அடி அண்ணாமலைப் பக்கம் நடக்கையில் துடிப்பு சற்று வேகமெடுத்தால், இன்றும் அவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைக்கிறேன். என் இரண்டு நாட்களைத் துடிப்பு துடிப்பாக அளந்தவர். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.