திறப்பு விழாப் பத்திரிகையும் ஒரு டாட் இன் முகவரியும்

ஒரு கடைக்கு நாம் யோசித்து வைக்கும் பெயர் யாருக்குச் சொந்தம்? எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் பேருந்தில், முன் சீட்டில் இருந்தவர் நண்பரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"திறப்பு விழா பத்திரிகை வாட்ஸப்புல வந்தா போதும் மச்சான். அந்தப் பேர்ல டாட் இன் முகவரிய நான் வாங்கிப் போட்டுருவேன். அவங்க வெப்சைட் வைக்கணும்னா என்கிட்டதான் வரணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது அடுத்தவங்க பேருங்க," என்றேன்.

"லேஅவுட் வரும்னு தெரிஞ்சு முன்னாடியே நிலம் வாங்கறதில்லையாக்கா? இதுவும் இன்வெஸ்ட்மென்ட்தான்," என்று சிரித்தார்.

இறங்கியதும் தங்கைக்குப் போன் செய்தேன். உத்தனப்பள்ளியில் ரோஜாச் செடி நர்சரி திறக்கப்போகிறாள்.

"முதல்ல பேரைப் பதிவு பண்ணுடி."

"பத்திரிகைய சாமிகிட்ட வைக்காம எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்கக்கா. நாளைக்குப் பண்ணிக்கறேன்."

இன்று காலை பத்திரிகையைச் சாமி படத்தின் முன் வைத்தாள். அதைப் படமெடுத்து எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போட்டாள். மாலையில் பதிவு செய்ய உட்கார்ந்தபோது பெயர் போய்விட்டிருந்தது. முகவரியைத் திறந்தால் 'விற்பனைக்கு' என்று வருகிறது. அதே ஆளா, அவரைப் போல இன்னொருவரா, தெரியாது.

கடை திறக்கப்போகிறவர்கள் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.