செல்ஃப் எடுக்காத வேன்

என் அக்கா புருஷன் ஏசுபாதத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பதினாறு வருஷமாக ஒரே வேன்; கோவளத்திலிருந்து சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போவார். பின்னால் வருகிறவன் காது கிழிய ஹாரன் அடித்தாலும், "போவட்டும், அவனுக்கு இன்னா அவசரமோ" என்று ஒதுங்கி வழிவிடுவார். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா மேரிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு செவ்வாயும் வெள்ளியும் கம்பெனி டிரிப் கிடையாது. விடிந்ததும் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். ஒருமுறை பஸ்ஸில் போய் நடுவழியில் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து வேன்தான்.

அந்த வேன் போன மாதம் ஆர்டிஓ ஆபீசில் எஃப்சி சோதனை முடிந்து வந்ததிலிருந்து பேஜாரு பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ஒருநாள் சட்டென்று எடுக்கும். மறுநாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் தொழில் டிங்கரிங், பெயிண்டிங். ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி வாய் மட்டும் நீளம். பேட்டரி என்றேன், புதுசு போட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் என்றேன், கழற்றிச் சரிசெய்தார். கேளம்பாக்கத்தில் எலக்ட்ரீஷியன் தாமோதரனிடம் காட்டினோம். அவர் முன்னால் பத்துத் தடவை திருப்பினோம், பத்துத் தடவையும் எடுத்தது. "நல்லாத்தான கீது, இன்னா பார்க்கச் சொல்ற?" என்றார். நான் சண்டைக்குப் போனேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை வேன் எடுக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை போய்க்கலாம், ஒரு வாட்டிதான" என்று சொல்லி அக்கா படுத்துவிட்டாள். நாங்களும் அதைக் கேட்டுத் தொலைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. வேனுக்குள் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினார் மாமா. டக். மறுபடி டக். தள்ளிப் பார்த்தோம், எங்கள் தெரு மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தோம், அது வந்து சேரவேண்டுமே. "எட்றா... எட்றா..." என்று மாமா ஸ்டியரிங்கைக் குத்தினார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்க, "ஆண்டவரே, இவள எடுத்துக்காத" என்று கத்தி அழுதார்.

வேனுக்கு அடியில் புகுந்தேன். "மாமா, லைட்டப் போட்டுக்கினு திருப்பு!"

"லைட்டு மங்கிப் போவுது மச்சான்!"

பேட்டரி புதுசு. அப்படியென்றால் கரண்ட் வழியில் எங்கோ அடைபடுகிறது. ஒயரைப் பிடித்தபடி கையை நகர்த்தினேன். பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயரை வண்டியின் அடிச்சட்டத்தோடு, அதாவது சேஸிஸோடு, முடுக்கியிருக்கும் போல்ட் சுட்டது. நகத்தால் அதன் அடியில் சுரண்டினேன். கறுப்பாக உரிந்து வந்தது.

நான் அடித்த பெயிண்ட்.

எஃப்சிக்குப் போகுமுன் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிக் கறுப்பு அடித்துப் புதுசு மாதிரி காட்டுவது எல்லோரும் செய்வதுதான். நான் இன்னும் சுத்தமாகச் செய்கிறேன் என்று அந்த போல்ட்டையும் கழற்றி, இரண்டு கோட்டிங் அடித்து, பெயிண்ட் மேலேயே முடுக்கிவிட்டேன். இரும்பும் இரும்பும் தொட்டால்தானே கரண்ட் ஓடும்? குலுக்கலில் தொட்டால் எடுத்தது, தொடாவிட்டால் இல்லை. பளபளவென்று இருக்கிறது பார் என்று அக்காவிடம் பெருமையடித்தது வேறு ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்குரூடிரைவரால் இரும்பு வெளுக்கும்வரை சுரண்டி, முடுக்கினேன். ஒரே திருப்பு. எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, தெருக்காரர்கள் மணலிலிருந்து தள்ளிவிடக் கிளம்பினோம்.

திருப்போரூர் தாண்டும்போது, என் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்தபடி சொன்னேன். "மாமா, எர்த்துக்கு அடியில நான்தான் பெயிண்ட் அடிச்சிட்டேன். அதான் எடுக்கல."

அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டில் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மாமா வேனை மரத்தடியில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"ஆஃப் பண்ணு மாமா. இனிமே கண்டிப்பா எடுக்கும்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ சொல்ற?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு மணி நேரம், அக்கா வெளியே வரும்வரை, வேன் ஓடிக்கொண்டே இருந்தது.