ராம்ப்பை எடுங்க, கண்டக்டர்!

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கொடுப்பதும் சில்லறைக்குச் சண்டை போடுவதும் ஒன்றுமே இல்லை. பஸ்ஸை நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைப்பதுதான் வேலை. நிறுத்தத்தைத் தாண்டி நின்ற பஸ்ஸின் பின்னால் ஓடிப் பழகிய உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

எனக்கு வாய்த்தது படியில்லாத தாழ்தள பஸ். வாசலில் மடித்து வைத்திருக்கும் ராம்ப்பை, அதாவது சாய்வுப் பலகையை, கண்டக்டர் கையால் இழுத்துப் போட்டால் சக்கர நாற்காலி உள்ளே வரும்.

முதல் நாள்

சக்கர நாற்காலியில் வரும் முத்தாபுதுப்பேட்டை தேவகிக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. காலையில் அந்தப் பக்கம் போகும் தாழ்தள பஸ் எங்களுடையது ஒன்றுதான். இதை விட்டால் அவருக்கு வேலை இல்லை.

அன்று ராம்ப் அசையவே இல்லை. அதுவரை யாரும் திறக்காததால் மண் ஏறி இறுகிக் கிடந்தது. டிரைவர் மணி ஸ்க்ரூடிரைவரோடு வந்து நெம்பித்தான் திறந்தார். லேப்டாப் பையோடு நின்றிருந்த ஒருவர் சொன்னார்: "இவங்களுக்குன்னு தனி வண்டி விடலாமே சார், எல்லாருக்கும் நல்லது."

ஷேர் ஆட்டோ

நிறுத்தத்தை ஷேர் ஆட்டோக்கள் அடைத்துக்கொள்ளும். மணி நடுரோட்டில் நிறுத்துவார். பலகை நடைபாதைக்குப் பதில் ரோட்டில் விழுந்து செங்குத்தாக நிற்கும். தேவகியைத் தள்ளி ஏற்றும்போதெல்லாம் நாற்காலி பின்னால் சரியாமல் தோளைக் கொடுத்து நிற்பேன். ஒருநாள் ஆட்டோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். ஆட்டோக்காரர் தேவகியின் காதில் விழும்படியே சொன்னார்: "ரெண்டு நிமிசம் இரு அண்ணாத்தே, அது எங்க ஓடிடப் போவுது?"

கூட்டாளி

சரசம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். தேவகி வரும்வரை காத்திருந்து, அவர் பின்னாலேயே பலகையில் ஏறுவார். "உனக்கும் போடுவேனேம்மா" என்றேன்.

"வேணாம் நைனா, நடக்குற பொம்பளைக்கு இன்னாத்துக்குன்னு பஸ்ஸே திட்டும். அந்தப் பொண்ணு வந்தாத்தான் எனக்கு பஸ்ஸு."

புது நிறுத்தம்

தேவகி அலையாய் அலைந்து மனு கொடுத்ததில், நிறுத்தத்துக்கு பஸ் தளத்தின் உயரத்திலேயே ஒரு மேடை வந்தது. ஏறிப்போக ஒரு சரிவு. சுவரில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சரிவின் வாயில் மூன்று இரும்புக் கம்பங்கள். பைக்குகள் மேலே ஏறிவிடக் கூடாதாம். தேவகியின் நாற்காலி கம்பங்களுக்கு நடுவே நுழையவில்லை. மேடையைத் தாண்டி பஸ்ஸை நிறுத்தலாமென்றால் அங்கே ஷேர் ஆட்டோக்கள்; முன்போல் நடுரோட்டில் நிறுத்தக் கூடாதென்று டெப்போ உத்தரவு. மேடை கட்டிய மேஸ்திரியிடம் கேட்டேன். கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "ஸ்கூட்டிகூட நுழையாது சார், அப்டி போட்டுக்கீறோம்!"

நாலு பேர்

அதன் பிறகு நாலு பேர் சேர்ந்து, கம்பங்களுக்கு மேலாக, தேவகியை நாற்காலியோடு தூக்கினோம். ஆள் சேரும்வரை பஸ் நிற்கும்; உள்ளே முணுமுணுப்பு. ஆள் சேராத நாட்களில் தேவகி கீழேயே நின்றுவிடுவார். கம்பத்தை எடுக்கச் சொல்லி அவர் மறுபடி மனு கொடுத்தார். பதிலே இல்லை. இன்னொரு நாள் தாமதமானால் வர வேண்டாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் தூக்கும்போது ஒருவருக்குக் கை நழுவி, நாற்காலி சாய்ந்தது. தேவகி கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் திரும்பவும் குனிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார்: "போதும்ணா. ஏத்துறதுன்னா ஏத்துங்க, மூட்டையாட்டம் தூக்காதீங்க."

காலி இடம்

கல்லூரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். தேவகி நிறுத்தத்துக்கு வருவதில்லை. சரசம்மா மட்டும் கம்பங்களுக்கு நடுவே மெல்ல நுழைந்து, மேடையிலிருந்து அலுங்காமல் பஸ்ஸுக்குள் வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பஸ்ஸில் தேவகியின் நாற்காலி நிற்கும் இடத்தைப் பார்த்தபடி சரசம்மா சொன்னார்: "அலைஞ்சது அது. ஏறிக்கினு போறது நானு."

இப்போதெல்லாம் எங்கள் பஸ் கொஞ்சம்கூடத் தாமதமாவதில்லை என்று டெப்போவில் பாராட்டுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொள்கிறேன்.