நன்றி சொல்லாமல் சாப்பிடலாம்

கோமதியக்கா போன செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். கே.கே. நகர் வீட்டில் காபி குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நான் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த நேரம், அவருடைய தம்பி சந்தானம் போன் செய்தார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். திறந்த கடையை மூடிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குப் போனேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அவர் குழந்தைகளுக்கு மாயக்கதை எழுதியவர். சிலருக்கு, கிளினிக்கில் வலி தெரியாமல் ரத்தம் எடுக்கும் லேப் அம்மா. எனக்கு, என் கடையிலேயே வந்து பேரத்தில் என்னை ஜெயித்தவர்.

மாசி வீதிப் பக்கம் நோட்டும் பேப்பரும் மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். ஒருநாள் அவர் வந்து இரண்டு கட்டு வெள்ளைத்தாளை மொத்த விலைக்குக் கேட்டார். "ரெண்டு கட்டுக்கு அந்த வெல கட்டாதும்மா. பத்துக் கட்டாவது எடுக்கணும்" என்றேன்.

"சரி, பத்துன்னே எழுதிக்கங்க தம்பி. பணம் இந்தா இருக்கு. ரெண்டு ரெண்டா வந்து எடுத்துக்கிறேன். மிச்சம் உங்க குடோன்லயே கெடக்கட்டும், எங்க வீட்ல எடமில்ல."

மொத்த விலைக்குப் பேப்பரும் போயிற்று, வாடகை இல்லாமல் குடோனும் போயிற்று. இம்புட்டுப் பேப்பர் எதுக்கு என்று கேட்டேன். "கதை எழுதுறேன். கெட்டவன் சாக மாட்டேங்கிறான், பேப்பர் செலவாகுது" என்றார்.

அந்தக் கெட்டவன் செத்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் கதையை வாங்கிப் படித்தேன். பெருவள்ளல் என்று ஒரு ராஜா. மலைமேல் கோட்டை கட்டி, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து சோறு போடுகிறான். நல்ல சோறு, தங்கக் கரண்டியில் நெய். சாப்பிடுமுன் பிள்ளைகள் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு நன்றிக்கும் அவன் ஒரு சாண் வளர்வான். வளர வளர அவன் நிழல் கீழே இருக்கும் வயலையெல்லாம் மூடுகிறது. வெயில் இல்லாமல் பயிர் வெளுத்துச் சாகிறது. பஞ்சத்தில் இன்னும் பல பிள்ளைகள் அநாதையாகிக் கோட்டைக்கு வருகிறார்கள். இந்தச் சக்கரத்தைக் கண்டுபிடிக்கிறவள் பேச்சி என்ற சிறுமி. அவள் கையில் வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. ஒருநாள் நன்றி சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவ்வளவுதான். அடுத்த நாள் இன்னும் சில பிள்ளைகள். ராஜா குறுகத் தொடங்குகிறான்.

நான் திருமங்கலம் பக்கம் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். இதை மறைத்ததும் இல்லை, சொல்லித் திரிந்ததும் இல்லை. பிறந்த நாள், திதி என்று யாராவது எங்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். சோற்றைக் குறை சொல்ல மாட்டேன், அதில் வளர்ந்த உடம்பு இது. ஆனால் இலையில் எல்லாம் பரிமாறிய பிறகு நாங்கள் எழுந்து, கைகூப்பி, கண்ணை மூடி, போட்டோவில் இருப்பவரின் பெயரைச் சொல்லி அவர் ஆத்மா சாந்தியடைய வேண்ட வேண்டும். சாம்பார் ஆறும். அப்பளம் நமுத்துப்போகும். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய ஆத்மாவுக்காக நான் வேண்டியிருக்கிறேன். என்னைப் பெற்றவனுக்காக வேண்டிக்கொண்டதில்லை, பெயர் தெரியாது. அந்தக் கதையைக் கல்லாவில் உட்கார்ந்து படித்த அன்று, வந்த ஆட்களுக்குச் சரியாக விலை சொல்ல எனக்கு ஓடவில்லை.

பேப்பர் என்னுடையது, அச்சகம் தெரிந்த இடம். நானே புத்தகமாகப் போடுகிறேன் என்றேன். ஆனால் வியாபாரி வியாபாரிதான். கடைசி அத்தியாயத்தில் கை வைக்கச் சொன்னேன். குறுகிக் குறுகிச் சாதாரண ஆளாகிவிட்ட ராஜா பசியோடு நிற்கிறான், பேச்சி பந்தியில் நகர்ந்து இடம் விட்டு, "பசிக்குதா? உக்காரு" என்கிறாள். கதை அங்கே முடிகிறது.

"அக்கா, காசு கொடுத்து வாங்குறவன் கெட்டவன் தலை உருளுறதப் பாக்கணும்ல? அப்புறம், அந்தப் புள்ளைய நெசத்துல ஒரு ராஜா மகள்னு வச்சிருவோம். அப்பன் ஆத்தா கடைசியில வந்து கூட்டிட்டுப் போகட்டும். சும்மா பறக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவள ராஜா மகள்னு வச்சா, பக்கத்து எலையில இருக்குற புள்ள யாரு மக தம்பி? அதுக்கு யாரு வருவா?"

எனக்கு யாரும் வரவில்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது. எழுதியபடியே அச்சுக்குப் போனது.

இப்படி எழுதுகிறவர் என் மாதிரி ஆளாகத்தான் இருப்பார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனால் அப்பா, அம்மா இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து கேரட் பொரியலுக்கு உப்புப் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அக்காவிடமே சொன்னேன். "அநாதையப் பத்தி அநாதைதான் எழுதணும்னா, பூதத்தப் பத்தி எழுத நான் எங்க போவேன்?" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார். சிறுவயதில் அவருடைய பிறந்தநாளுக்கு அப்பா வருஷாவருஷம் ஓர் இல்லத்தில் விருந்து வைப்பாராம். இவர் பட்டுப்பாவாடையில் லட்டுக் கூடையோடு வாசலில் நிற்பார். ஒரு வருஷம், தன் வயதே உள்ள பெண் ஒருத்தி லட்டை வாங்கிக்கொண்டு, "நன்றிங்கக்கா" என்று சொல்லிக் கும்பிட்டாளாம்.

"அன்னைக்கு நான் ஒரு சாண் வளந்துட்டேன் தம்பி. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு."

கெட்டவன் எங்கோ மலைமேல் கோட்டையில் இருப்பதாக எழுதினாலும், அவனை அவர் எடுத்தது எங்கிருந்து என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகம் வந்த புதிதில் ஒத்தக்கடை இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிரதிகள் கொடுத்தேன். அடுத்த வாரம், அங்கே மாதாமாதம் அரிசி அனுப்புகிற மில் முதலாளி ஒருவர் சாப்பாடு போட வந்தார். அக்காவும் நானும் போயிருந்தோம். பிள்ளைகளை எழுப்பி நன்றி சொல்லச் சொன்னார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயா மேடத்துக்கு வேர்த்துவிட்டது. அரிசி நின்றால் அடுப்பு நின்றது மாதிரி. "ஏண்டி, சொல்லுங்களேண்டி" என்று கெஞ்சினார். முன்வரிசையில் ஒரு சுட்டி மெதுவாகச் சொன்னது: "சொன்னா இவரு வளந்துருவாரு மேடம். ஏற்கெனவே பெருசா இருக்காரு."

முதலாளி நல்ல ஆகிருதி. முகம் சிவந்துவிட்டது. அக்கா எழுந்து போய், இலை போட்டிருந்த ஓர் இடத்தைக் காட்டி, "உக்காருங்கண்ணே, சாம்பார் ஆறுது" என்றார். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்தார். பக்கத்துப் பிள்ளை தன் அப்பளத்தில் பாதியை அவர் இலையில் வைத்தது. அரிசி நிற்கவில்லை, இன்றைக்கும் போகிறது. நல்லவர்தான் அவர், அதில் சந்தேகமில்லை. "கெட்டவனக் கண்டுபிடிக்கிறது லேசு தம்பி. நல்லவன் எந்த எடத்துல திரும்புறான்னு பாக்குறதுதான் கஷ்டம்" என்று வரும் வழியில் பஸ்ஸில் அக்கா சொன்னார். பிறகு, "நான் போனப்புறம் எம் போட்டோவ வச்சு எந்தப் புள்ளையவும் கும்பிட விட்றாதீங்க. அது உங்க பொறுப்பு" என்றார். சரி என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதை இந்த வாரம் காப்பாற்ற வேண்டி வந்தது. காரியம் பேச சந்தானம் கடைக்கு வந்தார். ஒத்தக்கடை இல்லத்தில் அக்கா பெயரில் விருந்து, வாசலில் பெரிய பிளெக்ஸ், மாலை போட்ட படம், பிள்ளைகளின் கூட்டுப் பிரார்த்தனை. பணம் கட்டுவதாகவும் சொல்லிவிட்டார். ஜெயா மேடத்திடம் கேட்டேன். "குடுக்குறவங்க கேட்டா நாங்க எப்படிண்ணே மாட்டோம்னு சொல்வோம்?" என்றார்.

அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கைச் சந்தானத்திடம் சொன்னேன். அழுதுவிட்டார். "எங்கக்காவுக்காக நாலு புள்ளைக ஒரு நிமிஷம் கண்ண மூடுனா என்ன அண்ணாச்சி கொறஞ்சு போகும்?"

"அவங்க எழுதுனதப் படிச்சிருக்கீங்களா?"

"சின்னப்புள்ளைக் கதை. நான் எங்க..."

ஒரு பிரதியை எடுத்துக் கையில் கொடுத்தேன். பேப்பர்க் கட்டின்மேல் உட்கார்ந்து படித்தார். நான் ஆட்களைக் கவனித்துக்கொண்டே அவரையும் கவனித்தேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கதையில் பெருவள்ளலுக்கு ஒரு சின்ன மகளும் உண்டு, அவள் கோட்டை வாசலில் லட்டுக் கூடையோடு நிற்கிற இடம். "இந்தக் கூடையோட அந்தப் பக்கக் காதப் பிடிச்சிருந்தவன் நான்தான். என்னை மட்டும் கதையில விட்டுட்டா பாருங்க" என்றார். பிறகு விடாமல் கடைசிவரை படித்தார். மூடிவைத்துவிட்டு, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். பேரம் பேசத் தெரிந்த அக்காவின் தம்பி அல்லவா, இரண்டு மூன்று இடத்தில் இழுத்தும் பார்த்தார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது சொத்து ஒன்றுமில்லை. குடோனில் அவர் கடைசியாகப் பணம் கட்டி எடுக்காமல் விட்ட பேப்பர்க் கட்டுகள் கிடக்கின்றன, அவற்றை விற்கப்போவதில்லை. சாப்பிட உட்காரும்போது என் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருகிற பழக்கம் வந்துவிட்டது, அதையும் விடப்போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்தக்கடை இல்லத்தில் சாப்பாடு. அவரை அறிந்த எல்லோரும் வரலாம். நானும் சந்தானமும் பேசி முடித்தது இதுதான்: செலவு அவருடையது, புத்தகத்தின் புதுப் பதிப்பு என்னுடையது. பிளெக்ஸ் கிடையாது, படம் கிடையாது, பிரார்த்தனை கிடையாது. இலையில் சோறு விழுந்ததும் பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கலாம். வருகிறவர்கள் பந்தியில் கலந்து உட்கார வேண்டும். பாயசம் யார் திரும்பக் கேட்டாலும் ஊற்ற வேண்டும். வாங்குகிறவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.