தூத்துக்குடியில் நாலு கோட்டை

வியாழக்கிழமை, காலை மணி ஆறு ஐம்பது. மணியாச்சியில் வண்டி மாறி, பாதித் தூக்கமும் மீதி கரியுமாகத் தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கினேன். கையில் ஒரு பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம், ஐம்பதடி அளவு நாடா. தலையில் துரைமார் போடும் சோலாத் தொப்பி. தொப்பி என் மைத்துனருடையது. தலை மட்டும் சொந்தம். தெற்கத்தி வெயிலில் இரண்டில் ஒன்று பழுதானாலும் பரவாயில்லை, தொப்பி பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இது 1946-ம் வருஷம் ஆவணி மாதம் நடந்தது. ஒலாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இந்தத் துறைமுகத்தில் ஒரு கோட்டை கட்டியிருந்தார்கள் என்றும், இடித்தது போக வெடிமருந்தறை ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அந்த அறை இப்போது தங்கையா அண்ணாச்சி என்ற கருப்பட்டி வியாபாரியின் கிட்டங்கி என்று மதராஸில் எங்கள் தெருக் கடைக்காரர் சொன்னார். கிட்டங்கி என்றால் சரக்கறை. உடனே அண்ணாச்சிக்கு ஒரு கார்டு எழுதினேன்: “தங்கள் வசமுள்ள பழைய கோட்டையைப் பார்வையிட வெள்ளிக்கிழமை வருகிறேன். அளந்து குறித்துக்கொள்வேன். உள்ளே இருப்பது எதையும் இடம் மாற்றாமல் வைத்திருக்கக் கோருகிறேன்.”

இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன்.

எனக்கு அன்று தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் பக்கம் நெல்லைக் கலம் கலமாக அளப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் நெல்லளவுக்குப் பெயர் கோட்டை. அளந்த நெல்லை வைக்கோலால் சுற்றிப் பெரிய உருண்டையாகக் கட்டி வைத்தால் அதற்கும் பெயர் கோட்டை. ரேஷன் காலம். வீட்டில் கூடுதலாக நெல் இருந்தால் சர்க்கார் எடுத்துக்கொண்டு போய்விடும். கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட உத்தரவு வாங்க வேண்டும். அண்ணாச்சியின் மகள் செல்லக்கனிக்குத் திங்கட்கிழமை கல்யாணம். அதற்காக நாலு கோட்டை நெல் அந்த மருந்தறைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இப்போது என் கார்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிக்காரர், “எங்க போவணும், ஐயா?” என்றார்.

“தங்கையா அண்ணாச்சி வீட்டுக்கு. அவரிடம் ஒரு கோட்டை இருக்கிறதாமே?”

வண்டிக்காரர் என் தொப்பியைப் பார்த்தார். “பழசா, புதுசா?”

“பழசுதான். எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது.”

“அது சரி. பழசுதான் வயித்துக்குக் கெடுதி பண்ணாது.”

இந்த ஊர்க்காரர்களின் ஹாஸ்யம் ஆழமானது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல் தூரம். எட்டணா கேட்டவர், இறங்கும்போது நாலணாவைக்கூட வாங்க மறுத்துவிட்டார். “ஆபீசர்கிட்ட துட்டு வாங்கிட்டு நாளைக்கு இந்த ரோட்டுல வண்டி ஓட்ட முடியுமா?” என்று சொல்லிவிட்டுக் குதிரையை விரட்டினார். தொப்பி போட்டவனையெல்லாம் ஆபீசர் என்று அழைக்கும் மரியாதையான ஊர் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

மணி ஏழே கால். கடற்கரைக்குப் பின்தெருவில் அண்ணாச்சி வீடு. முன்னால் கடை, கருப்பட்டி வாசனை தெருமுனையிலேயே வந்து வரவேற்றது. அண்ணாச்சி ஐம்பது வயதுக்காரர், தூய வெள்ளை வேஷ்டி. அவர் கையில் என் கார்டு இருந்தது.

“வெள்ளிக்கெழமைன்னுல்லா எழுதியிருந்தீய?”

“ஒரு நாள் முன்பே வந்துவிட்டேன். நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது” என்றார், பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுகிறவர் போல.

“கோட்டை எங்கே இருக்கிறது?”

“இங்கன ஏது கோட்டை? அதெல்லாம் எங்க ஐயா காலத்தோட போச்சு. இப்ப ஒரு மணிகூட கெடையாது.”

“கோட்டையில் மணிகூட இருந்ததா?” என்று ஆவலோடு நோட்டைத் திறந்தேன். “வெண்கலமா?”

அண்ணாச்சி அவசரமாக உள்பக்கம் திரும்பினார். காப்பி கொண்டுவரச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி, முதல் தரம். குடித்து முடித்ததும் இன்னொன்று வந்தது. மூன்றாவது டம்ளரை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, “பக்கத்து வீட்டுல மியூசியம் இருக்கு. மொத அதப் பாத்துருங்க” என்று என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். “வே மிக்கேலு! ஐயாவுக்கு மியூசியத்தக் காட்டும். மெதுவாக் காட்டும், என்ன?”

மிக்கேல் கொழும்புக்கு ஓடும் தோணி ஒன்றின் தண்டல்; அதாவது தலைவர். அறுபது வயது, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், கழுத்தில் மாதா சுரூபம். கரையில் இறங்கினால் பேசுவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்று நெடுநாளாக வருத்தத்தில் இருந்தவர் போலிருக்கிறது. மதராஸில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். இது உயிருள்ள காலேஜாக இருந்தது. மிக்கேல் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்: நீலப்பூ வரைந்த பீங்கான் தட்டு, கண்ணாடி உடைந்த திசைகாட்டி, முத்துக் குளிக்கிறவர்கள் காலில் மாட்டி இறங்கும் கல், தருவைகுளத்துக் கரைக்கு நேரே கடலில் எடுத்த சிப்பிகள். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷமாகிறது. கடைசியாக நடந்தபோது அவர் பார்த்த முத்தின் அளவை விரலால் காட்டினார். கதை நீள நீள விரல்களும் விலகிக்கொண்டே போயின.

அடுத்து, முழம் நீளத்தில் ஓர் இரும்புச் சாவி.

“இது என்ன?”

“கோட்டைச் சாவி” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “சாவி இருக்கு. கதவு இல்ல.”

மணி ஒன்பது. ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துச் சந்து தெரிந்தது. இரண்டு பேர் கம்பில் தொங்கவிட்டு, இடுப்புயர வைக்கோல் உருண்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சற்று நேரத்தில் இன்னொன்று, அதன் பின்னால் மூன்றாவது.

“அது என்ன, தண்டல்?”

மிக்கேல் யோசித்தார். பெரும்புயல்களிலிருந்து தோணியைக் கரைசேர்த்த மனிதர். “பூசணிக்கா” என்றார். “அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு.”

“இவ்வூரில் பூசணிக்காயை வைக்கோல் சுற்றிப் பாதுகாக்கிறார்கள். காய் மிகப் பெரிது” என்று எழுதினேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கர்வம் தலைக்கேறும்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.

நான் எழுந்தேன். மிக்கேல் பதறினார். “பாத்தது தரை மியூசியம். கடல் மியூசியம் குசினிக்குப் பின்னால இருக்கு!” என்று அடுக்களை வழியாகக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு நங்கூரம், கிழிந்த தோணிப் பாய், திறந்த கதவு. கதவுக்கு வெளியே அதே சந்து.

நாலாவது பூசணிக்காய் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. என் தொப்பியைக் கண்டதும் முன்னால் வந்தவர் நின்றார்; பின்னால் வந்தவர் நிற்கவில்லை. உருண்டை கம்பிலிருந்து நழுவியது, சுற்றியிருந்த வைக்கோல் பிரி அறுந்தது, என் செருப்புக்கு மேலே கணுக்கால்வரை நெல்.

வழக்கம்போல நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன். எதிரே சந்தின் கோடியில் ஒரு தாழ்ந்த பழைய வாசல். அங்கே கையில் துடைப்பத்தோடு ஒரு பெண். அவளைத் தாண்டிக்கொண்டு அண்ணாச்சி ஓடிவந்து என் முன்னால் கை கூப்பினார்.

“ஐயா, நாலே நாலு கோட்டைதான். எங்க சொந்த வயக்காட்டு நெல்லு. நாளைக்கு அவிச்சு, சனிக்கெழம குத்தி, திங்கக்கெழம எம்மவ கல்யாணத்துக்குப் பொங்கணும். வாரவுகளுக்குச் சோறு இல்லன்னா நான் எப்பிடித் தல நிமிந்து நிப்பேன்? என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. நெல்லக் கொண்டு போயிராதீய.”

“கும்புடுறது இருக்கட்டும், அப்பா” என்றாள் துடைப்பத்தோடு நின்ற செல்லக்கனி. “இன்னும் எழுதுதாக பாருங்க. மொத அந்த நோட்டப் புடுங்குங்க.”

“ஏளா, சும்மா கெட!”

நாலு கோட்டை. பழைய கோட்டை. அளந்து குறித்துக்கொள்வேன். ஒரு மணிகூட இல்லை. எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. இருபது வருஷத்து இலக்கணம் அந்தச் சந்தில் நெல்லோடு நெல்லாகக் கொட்டிக் கிடந்தது.

“அண்ணாச்சி, நான் ஆபீசர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார். ஒலாந்தர் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்தேன்.”

“எல்லா ஆபீசரும் மொத இப்பிடித்தான் சொல்லுதாவ” என்றார் அண்ணாச்சி.

வேறு சாட்சியம் என்னிடம் இல்லை. தொப்பியைக் கழற்றினேன். மல்லாத்திப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, நெல்லை அதில் அள்ளினேன். ஒரு தொப்பி, இரண்டு தொப்பி. சாக்கை யாரும் நீட்டாததால் மிக்கேலின் கிழிந்த பாயில் கொட்டினேன். மூன்றாவது தொப்பி அள்ளும்போது செல்லக்கனி சிரித்துவிட்டாள்.

“அப்பா, அவுக ஆபீசர் இல்ல. இந்த மாதிரி அள்ளுனா விடியுறதுக்குள்ள முடியாது. வாத்தியாரேதான்.”

மத்தியானம் மணி மூன்று. முதலில் ஓடிய மூன்று கோட்டையும் சேர்த்து, நெல் முழுதும் மிக்கேல் வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. நானூறு மைல் கடந்து நான் பார்க்க வந்த கோட்டைக்குள் அப்போதுதான் நுழைந்தேன். நீளம் பதினாலு அடி, அகலம் ஒன்பது. சுவர்க் கனம் மூன்றடி. எல்லாம் கடலிலிருந்து எடுத்த பவளக்கல். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. வெடிமருந்தின் வாசனை என்றைக்கோ போய்விட்டது. கருப்பட்டியும் வைக்கோலும் மணத்தன.

இடுப்புயரத்தில் சுவரில் ஒரு கப்பல் கீறியிருந்தது. மூன்று பாய்மரம். வேலையில்லாத பகலில் எவனோ ஒரு சிப்பாய் ஊர் ஞாபகத்தில் ஆணியால் கீறியிருக்க வேண்டும். நான் உருகி நின்றேன்.

மிக்கேல் குனிந்து பார்த்தார். “பாய் கட்டுனது தப்பு. இதுல ஏறுனா கொழும்புகூடப் போய்ச் சேர மாட்டான்.”

கப்பலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோணி இருந்தது. “அது நான் கீறுனது” என்றாள் செல்லக்கனி. “எட்டு வயசுல. அம்மா அடிச்சா இங்கனதான் வந்து ஒளியுவேன். அந்தக் கப்பலு தனியாப் போவுதேன்னு தொணைக்கு ஒண்ணு விட்டேன்.” கல்யாணம் முடிந்து செவ்வாய்க்கிழமை அவள் மாப்பிள்ளை ஊருக்குப் போக வேண்டும். தோணியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை நான் ஊர் திரும்பியிருக்க வேண்டும். அண்ணாச்சி விடவில்லை. “நீங்க தொப்பியப் போட்டுக்கிட்டுக் கோட்டை வாசல்ல சும்மா இருங்க. நெசமான ஆபீசர் வந்தா, ஏற்கெனவே ஒருத்தர் வந்திருக்காகன்னு போயிருவாரு.” தலைமையாசிரியருக்குத் தந்தி கொடுத்தேன்: “கோட்டை எதிர்பார்த்ததைவிடப் பெரியது. புதன் வருகிறேன்.”

சனிக்கிழமை, காலை மணி பதினொன்று. நிஜமான ஆபீசர் வந்தார். சைக்கிளில் வந்த இளைஞர்; அவருக்கும் தொப்பி இருந்தது, ஆனால் என்னுடையது பெரிது. மிக்கேல் கொல்லையில் உலக்கைச் சத்தம் காதைப் பிளந்தது. அண்ணாச்சி கடைக்குள் கல்லாய் நின்றார். நான் வேறு வழியில்லாமல் அளவு நாடாவை விரித்தேன்.

“தாங்கள்?” என்றார் இளைஞர்.

“கோட்டையை அளந்துகொண்டிருக்கிறேன்.”

அவர் விறைப்பானார். “மதராஸிலிருந்தா, சார்?”

“ஆமாம்.”

“எவ்வளவு இருக்கிறது?”

“உள்ளே ஒன்றுமில்லை. நீங்களே பாருங்கள்.”

எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. “அது என்ன சத்தம்?”

மிக்கேல் கொல்லைக் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். “மியூசியத்துல இடிக்காவ, சார்.”

இளைஞர் எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை கல்யாணம். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தேன். என் இலைக்கு முன்னால் வந்து நின்ற அண்ணாச்சி, “இன்னும் ரெண்டு கரண்டி வையி, வாத்தியார் அள்ளுன நெல்லு” என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். அண்ணாச்சி தலை நிமிர்ந்துதான் நின்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை ரயிலேறினேன். வண்டிக்காரர் அதே ஆள். இந்த முறை எட்டணாவைக் கறாராக வாங்கிக்கொண்டார். நான் ஆபீசர் இல்லை என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரிய கோட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். செஞ்சியில் ஏறி மூச்சு வாங்கியிருக்கிறேன். அங்கெல்லாம் சுவர்கள் யாரையும் உள்ளே விடாமல் இருப்பதற்குக் கட்டியவை. உள்ளே போனவனை ஐந்து நாள் வெளியே விடாத கோட்டையை இங்கேதான் கண்டேன்.

வீட்டில் தொப்பியைத் தட்டியபோது, உள்விளிம்பிலிருந்து ஏழெட்டு நெல் உதிர்ந்தது. மைத்துனர் முகம் சுளித்தார். என் மனைவி, “கோட்டையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள்.

“நாலு கோட்டை” என்றேன். “மூன்றை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலாவதைச் சாப்பிட்டுவிட்டேன்.”