ஓடும் பெல்ட்டைப் பிடித்த படம்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் பட்டறை மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதவிட்டேன். உள்ளே என் மனைவியின் தம்பிக்கு வலது கையை முழங்கைக்கு மேலே அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இவன் பீடி பற்றவைத்துக்கொண்டு, "குடிச்சிட்டு வந்து மெஷின்ல கைய வுட்டுகினான்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

மச்சான் குடிக்கிறவனே இல்லை. திருவொற்றியூரில் ஓர் இரும்புப் பட்டறையில், கடைசல் மெஷினை ஓட்டும் தோல் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். அந்த பெல்ட்டின் இரண்டு முனைகளையும் வாரால் தைத்திருந்தார்கள். ஓடும்போது தையல் வாய் பிளந்து அவன் சட்டையைக் கவ்வியது. கையும் கூடவே போனது. நிறுத்திப் பார்த்தால் தையல் சாதுவாகப் படுத்துக்கிடக்கும். ஓடினாலோ கண்ணுக்கு எட்டாது. குடிகாரன் என்று எழுதி முதலாளி அவனை வேலையை விட்டு நீக்கினார். விசாரிக்க வந்த அதிகாரியோ, "ஓடும்போது பிரியுதுன்னு எதை வெச்சு எழுதறது?" என்று கையை விரித்தார்.

"போட்டோவை வெச்சு எழுதுங்க சார்" என்றேன். ராயபுரத்தில் எனக்கு ஸ்டூடியோ இருந்தது. ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

வாய்ச்சவடால் விட்டாயிற்று. ஸ்டூடியோவுக்கு வந்து மேஜை விசிறியை ஓடவிட்டு பிளாஷ் அடித்துப் பார்த்தால், படத்தில் இறக்கைகள் புகை மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்திருந்தன. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த சாமான்களை வைத்து நானே கட்டிய பிளாஷ் பெட்டி அது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் டின்கள் இரண்டு. வெளிச்சம் பிரமாதம், ஆனால் சட்டென்று அணையாது. சீக்கிரம் அணையட்டும் என்று ஒரு டின்னைக் கழற்றினால், அந்த இருட்டுப் பட்டறையில் படம் கரியாகத்தான் விழும். எனக்கு அதே வெளிச்சம் வேண்டும், கண் இமைப்பதற்குள் அது முடிந்தும் போகவேண்டும். ஆத்திரத்தில் ஸ்டூலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

மூன்றாம் நாள் புத்தி வந்தது. பக்கம் பக்கமாக இணைத்திருந்த டின்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்தேன். இன்னொரு டிரான்ஸ்பார்மர் சேர்த்து வோல்ட்டை இரண்டு மடங்காக்கினேன். அதே குடம் தண்ணீர்தான்; குழாயில் விடாமல் ஒரே வீச்சில் கவிழ்ப்பது. முதல் வெடியிலேயே விளக்கு சிதறி, கண்ணாடிச் சில்லு என் புருவத்தில் ஏறியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வேறு விளக்கு மாட்டினேன். விசிறி இறக்கையில் ஒட்டியிருந்த ஈ எச்சம்கூடப் படத்தில் தெரிந்தது. "மாட்டுனடா மவனே!" என்று கத்தினேன்.

பட்டறைக்கு மச்சானும் வந்தான். வேண்டாமென்று சொன்னால் கேட்டால்தானே! "என் கேசு மாமா, நா இல்லாமலா?" என்று மிச்சமிருந்த இடது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டான். விபத்துக்குப் பிறகு பெல்ட்டுக்குப் போட்டிருந்த தடுப்புக் கம்பியைப் படத்துக்காக எடுத்துவிட்டார்கள். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, ஆறு போட்டோத் தகடுகள் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் வேட்டு போட்ட மாதிரி பட்டறையே அதிர்ந்தது. கடைசியில், எப்போதும் செய்வதுபோல, டின்களில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தீர்க்கத் திருப்புளியால் பெட்டியின் இரு கடைசி முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். பொறி பறந்தது. சரி, காலி என்று நினைத்துக் கேமராவைக் கழற்றப் போனேன்.

பழைய இணைப்புக்கு அது போதும். புதிய இணைப்புக்குப் போதாது. ஏலத்துச் சரக்கு, இரண்டு டின்னும் ஒரே குணம் இல்லை. கடைசி முனைகளை மட்டும் தொட்டால் ஒவ்வொரு டின்னிலும் மிச்சம் தங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டிருக்கவேண்டும். அந்தப் புத்தி இந்த மடையனுக்கு அப்போது வரவில்லை.

மச்சான் எனக்கு உதவி என்று, இரண்டு டின்னையும் நடுவில் இணைத்திருந்த செப்புப் பட்டையைக் கழற்றக் கை வைத்தான். டின்னில் தங்கியிருந்த மின்சாரம் அவன் கையை உதறித் தள்ளியது. பின்னால் பெல்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தையல் விரல்களைக் கவ்வியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். மெஷினை நிறுத்தும்போது நாலு விரல்கள் போயிருந்தன.

"பாத்தீங்களா சார், இவனேதான் கைய குடுக்கறான்!" என்று முதலாளி கத்தினார். அதிகாரியின் சட்டையெல்லாம் ரத்தம். "வாய மூடுய்யா! தையல் புடிச்சு இழுத்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். பெட்டி உதறியதை அவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சான் கண் விழித்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "மாமா, பொட்டி உதறிச்சி."

"தெரியும்டா. என் தப்புதான். அதிகாரிகிட்ட போய் சொல்லிடறேன்."

"சொன்னே, கொன்னுடுவேன். பெல்ட்டு மேல தப்பு இல்லன்னு எழுதிடுவான். ரெண்டு கையும் போயி நா குடிகாரனாவே சாவணுமா? அக்காகிட்டகூட வாயத் தொறக்காத."

நான் வாய் திறக்கவில்லை. மேஸ்திரியை அடித்த கை, அன்றைக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளக்கூட எழவில்லை.

ஐந்தாவது தகட்டில் தையல் பிளந்து நிற்பது தெளிவாக விழுந்திருந்தது. தொழிலாளி மேல் குற்றமில்லை என்று உத்தரவு வந்தது. அன்று மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே என் மனைவி தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் கட்டு அவனுக்கு.

"உன்னாலதான்யா என் தம்பி மானம் பொயச்சிது" என்று என்னைப் பார்த்து அழுதாள். "நீ மட்டும் அந்தப் பொட்டிய செய்யலன்னா இன்னா ஆயிருக்கும்!"

மச்சான் என் முகத்தையே பார்த்தான். பிறகு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான்.