போடியில் வாங்கிய மாத்திரை

என் மனைவியின் இடுப்பு மூட்டைக் கெடுத்தவன் நான்தான்! நோய் பாதி, நான் பாதி.

சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறேன். ஸ்டெல்லா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீடு அவள் வேலைக்காகக் கிடைத்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை... இல்லை, சாக்குதான்!

அவளுக்கு வந்த மூட்டுவலியை முடக்குவாதம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய மாதக்கணக்காகும், பொறுத்திருங்கள் என்றார். எனக்கா பொறுமை! போடிமெட்டு வழியாகக் கீழே சவாரி போன அன்று, போடியில் ஒரு மருந்துக்கடையில் கேட்டு, சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரைகள் வாங்கிவந்தேன். "டாக்டர் மருந்தை மாத்திட்டாரு" என்று ஸ்டெல்லாவிடம் புளுகினேன். பழையதை நிறுத்தினேன்.

மறுநாளே... அடடா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"ஏசப்பா! வலி எங்கிட்டுப் போச்சுன்னே தெரியலைங்க!" என்று வாசலில் குதித்தாள். மலைச்சரிவில் எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை! ஜீப்பில் வந்த சுற்றுலாக்காரர்களிடமெல்லாம், "அந்தா போறா பாருங்க, என் சம்சாரம்!" என்று பீற்றிக்கொண்டேன். தீரத் தீர அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யா? இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறதே, பாவி எனக்கு!

வலிதான் போயிருந்தது. நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். இடுப்பு மூட்டு அரித்துப்போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் புதிய டாக்டர். என்ன மருந்து சாப்பிட்டாய் என்று அவளைக் கேட்டார்.

"பழைய டாக்டரு மாத்திக் குடுத்ததுதான் சார்."

அவள் நீட்டிய வெள்ளை மாத்திரையைப் பார்த்ததும், "ஸ்டீராய்டு! வலியை மறைத்து எலும்பை அரிக்குமே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்... குற்றமே செய்யாத ஒரு மனிதர் மேல் பழி விழுந்தது!

மூட்டை மாற்றினார்கள். வேலை போயிற்று, வீடும் போயிற்று. மற்ற மூட்டுகளையாவது காப்பாற்ற வாரம் ஒருமுறை விழுங்கும் அந்தப் பழைய மாத்திரையை மறுபடி எழுதினார்கள். ஸ்டெல்லா அதைத் தொட மறுத்தாள்.

"ஆஸ்பத்திரி மாத்திரைதான என்னைய இப்படி ஆக்குச்சு! செத்தாலும் முழுங்க மாட்டேன்!"

முழங்கால்கள் வீங்கத் தொடங்கிவிட்டன. உண்மையைச் சொன்னால் அவள் பயம் தீரும். ஆனால் அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பாளா? நேற்று எப்படியாவது சொல்லிவிடுவதென்று, மாத்திரையும் தண்ணீருமாக அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"சரி, குடுங்க. உங்க கையால குடுத்தா முழுங்குறேன். உங்கள நம்பாம வேற யார நம்பப் போறேன்?"

வாயைத் திறந்தாள். நான் மாத்திரையை வைத்தேன்.